ஏழு ரிமோட்டும் ஒரு கண்ணாடியும்

ஜவ்வாது மலையில், மேகங்கள் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகும் உயரத்தில், ஒரு தியானக் குடில் இருந்தது. அங்கே வந்து போக யாருக்கும் தடையில்லை. தங்கிவிடத்தான் ஒரு விதி உண்டு. வீட்டில் இருப்பவர் தம் வாயால் 'போய்ட்டு வாங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். கடிதம் செல்லாது. வேறொருவர் கேட்டு வந்து சொன்னாலும் செல்லாது. விடை வாங்கியவரே வந்து சொன்னால் அப்படியே நம்பிவிடுவார்கள்.

குடிலின் குரு உமையாள். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவரைவிட மூத்தவர்களும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

அவர்களில் ஒருவர் பொன்னுரங்கம். அறுபத்தோரு வயது. போளூரில் வீட்டின் முன்னறையிலேயே டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மேலே வருவார். கண்களை மூடி உட்காருவார். சாயங்காலப் பஸ்ஸில் இறங்கிப் போவார். போகும்போதெல்லாம், நல்ல கனவின் நடுவில் எழுப்பிவிடப்பட்டவர் போல் இருக்கும் அவர் முகம்.

அவருக்கு மலையிலேயே தங்கிவிட ஆசை. ஆனால் அவர் மனைவி செங்கமலம் இன்னும் விடை கொடுக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் செங்கமலத்துக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வலது கை நன்றாக இருந்தது. நாக்கு அதைவிட நன்றாக இருந்தது.

மலைக்குப் போகிறேன் என்று பொன்னுரங்கம் முதலில் சொன்னபோது, சாமியாராவா போகப்போகிறீர்கள், மூன்று நாள் தாடிக்கே சொறிந்துகொண்டு நிற்பீர்களே என்றார் செங்கமலம். உன் தங்கை மரகதம் உன்னோடு வந்து இருக்கச் சம்மதித்துவிட்டாள் என்று சொன்னபோது, மரகதம் ரிமோட்டைத் தொட்டாலே டிவி செத்துப்போய்விடும் என்றார். கடைசியில் இப்படி முடித்தார்.

"தலைமாட்டுல ஏழு ரிமோட்டு கெடக்குது. எது எதுக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் கூப்பிட்டா யாரு வருவா?"

டிவிக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஏசி, ஃபேன், விளக்கு, பாட்டுப் பெட்டி, தலைப்பக்கம் உயரும் கட்டில். ஏழுதான்.

பொன்னுரங்கம் கடையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். வாடிக்கையாளர் சொல்லும் குறையை அவர் வார்த்தையிலேயே அதில் எழுதிக்கொள்வார். 'படம் வருது, சத்தம் வரல.' ஒவ்வொரு குறைக்கும் மாற்ற வேண்டிய பாகம் ஒன்று இருக்கும். மாற்றியதும் அந்த வரியை அடித்துவிடுவார்.

வீட்டிலும் அதையே செய்தார். ஒரு நாள் முழுவதும் செங்கமலம் அவரைக் கூப்பிட்ட காரணங்களையெல்லாம் வரிசையாக எழுதினார். ஃபேனைக் குறைங்க. லைட்டைப் போடுங்க. தலைமாட்டை உசத்துங்க. சேனலை மாத்துங்க. இந்த ஆள் மூஞ்சி நல்லால்ல, மறுபடி மாத்துங்க. இருட்டுவதற்குள் நாற்பத்தொரு வரிகள் சேர்ந்துவிட்டன.

பிறகு சென்னைக்குச் சொல்லி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான தொடுதிரை ரிமோட் ஒன்றை வரவழைத்தார். கைக்கு அடக்கமான கண்ணாடிப் பலகை அது. மேலே பட்டன் என்று ஒன்றுகூட இல்லை. தொட்டால் நீல வெளிச்சத்தில் படங்கள் மிதந்து வரும். மூன்று வாரம் உட்கார்ந்து, ஏழு ரிமோட்டின் வேலையையும் அதற்குள் ஏற்றினார். ஒவ்வொன்றாக நாற்பத்தொரு வரிகளையும் அடித்தார்.

செங்கமலத்தின் கையில் கொடுப்பதற்கு முன், அந்தச் சனிக்கிழமை அதை மலைக்குக் கொண்டுவந்தார். குடிலின் கூடத்தில் இருந்த விளக்கையும் ஃபேனையும் ஒலிபெருக்கியையும் மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். அவற்றையும் கண்ணாடிக்குள் சேர்த்து உமையாளிடம் நீட்டினார்.

உமையாள், தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் அதை ஒரு விரலால் தொட்டார். கூடத்தின் விளக்கு எரிந்தது. மறுபடி தொட்டார். அணைந்தது. அவர் சிரித்தார்.

"அழுத்தவே வேண்டாமா ஐயா?"

வேண்டாம், பட்டால் போதும் என்றார் பொன்னுரங்கம். பலமில்லாத விரலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். ரப்பர் தேயாது, எழுத்து அழியாது, இருட்டிலும் தெரியும், ஏழு ரிமோட்டைத் தேடும் இடத்தில் ஒன்றைத் தேடினால் போதும் என்றார். சார்ஜ் மட்டும் தினமும் போட வேண்டும். அதற்கும் தலைமாட்டிலேயே ஒரு தாங்கி செய்திருந்தார்.

"நல்ல பொருள்" என்றார் உமையாள். நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

அப்போது சன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. அந்த மலையில் அது வழக்கம். தூண்கள் மறைந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் மெல்ல மெல்ல வெள்ளையில் கரைந்தார்கள். கண்ணாடியின் மேல் பொடிப்பொடியாக நீர் பூத்தது. விளக்கு தானாக எரிந்தது. ஃபேன் சுற்றியது. ஒலிபெருக்கி ஒரு மணியோசையைத் தொடங்கி நடுவில் நிறுத்தியது. பொன்னுரங்கம் துண்டை எடுத்து அவசரமாகத் துடைக்க, துடைத்த துடைப்பில் எல்லாம் சேர்ந்து அணைந்து எல்லாம் சேர்ந்து எரிந்தன.

அடுப்படியிலிருந்து சாமைக் கஞ்சிக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார் சமையல்காரர் வெள்ளையன்.

"என்ன ஐயா, தொட்டாச்சிணுங்கி வாங்கிட்டு வந்திருக்கீங்களா?"

மேகத்துக்குள்ளிருந்து பலர் சிரித்தார்கள். பொன்னுரங்கமும் சிரித்தார். போளூரில் வீட்டுக்குள் மேகம் வராது என்றார்.

மேகம் போன பிறகு, உமையாள் கண்ணாடியை அவரிடமே கொடுத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, என்னைப் பார்த்துக்கிட்டே அந்த விளக்கைப் போடுங்க."

பொன்னுரங்கம் அவர் முகத்தைப் பார்த்தபடி விரலை நகர்த்தினார். ஃபேன் சுற்றியது. மறுபடி நகர்த்தினார். மணி ஒலித்தது. மூன்றாவது தடவை அவருடைய கண்கள் தாமாகக் கீழே இறங்கின. விளக்கு எரிந்தது.

"இதுல மேடு பள்ளம் இல்லம்மா" என்றார். "பழைய ரிமோட்ல அஞ்சாம் நம்பர் மேல பொட்டு மாதிரி ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கும். விரல் அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததுக்கெல்லாம் தானாப் போயிடும். இதைப் பார்த்துத்தான் தொடணும்."

"சரி" என்றார் உமையாள்.

பொன்னுரங்கம் சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்தார்.

மறுநாள் பழைய ரிமோட்டுகளின் பேட்டரிகளைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினார். கண்ணாடியைச் செங்கமலத்தின் வலது கையில் வைத்தார். செங்கமலம் கெட்டிக்காரர். இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு தடவை கூப்பிட்டார். புதன்கிழமை மூன்று தடவை. வியாழக்கிழமை கூப்பிடவே இல்லை.

வீடு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஆகிவிட்டது. விளக்கு தானாக எரிந்தது. ஃபேன் தானாக மெதுவானது. கட்டில் சத்தமில்லாமல் உயர்ந்தது, தாழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அறை அறையாக நடந்து, பொன்னுரங்கத்தின் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்வதுபோல் இருந்தது. முன்னறை மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால், தலையணைமேல் செங்கமலத்தின் குனிந்த முகம் தெரியும். மோவாயில் நீல வெளிச்சம் விழுந்திருக்கும்.

வியாழக்கிழமை இரண்டு தடவை அவர் எழுந்து உள்ளே போனார்.

"கூப்பிட்டியா?"

"இல்லையே."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மலைக்குப் போகட்டுமா என்று கேட்டார். பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. செங்கமலத்தின் விரல் கண்ணாடிமேல் வழுக்கியது. பாட்டுச் சத்தம் குறைந்தது.

"போய்ட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை மரகதம் பையைக் கட்டிக் கொடுத்தார். செங்கமலம் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார். பொன்னுரங்கம் எழுப்பவில்லை.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. சன்னலில் மரங்கள் போய், பாறைகள் போய், வெள்ளை மட்டும் மிஞ்சியது. இந்தத் தடவை திரும்பிப் போக வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு கனவில் மிதப்பதுபோல் இருந்தது.

அவர் சொன்னதைக் கேட்டதும் வெள்ளையன் கூடத்து மூலையைப் பெருக்கி ஒரு புதுப்பாயை விரித்தார். இனிமேல் கஞ்சிக்கு உப்பு போதவில்லை என்று குறை சொல்ல இன்னொரு ஆள் சேர்ந்தாயிற்று என்றார்.

உமையாள் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாம்மா. அவ வாயாலயே சொன்னா. அழல. கோவிச்சுக்கல. கிண்டல்கூடப் பண்ணல."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு, அதை வேறு யாரோ சொன்னதுபோல் திரும்பிப் பார்த்தார்.

பிறகு முகம் துடைக்கத் துண்டை எடுப்பதற்காகப் பையைத் திறந்தார். துண்டு கனத்தது. பிரித்தார். உள்ளே கண்ணாடி இருந்தது.

அவர் பதறிப்போனார். ஃபேனை எப்படிப் போடுவாள், கட்டிலை எப்படி இறக்குவாள் என்று சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். எடுத்தவர் மரகதம்.

"அக்காதான் மாமா உங்க பையில வைக்கச் சொல்லுச்சு. பயப்படாதீங்க. பெட்டியில கெடந்ததுக்கெல்லாம் பேட்டரி போட்டுட்டேன். அக்கா ஒண்ணொண்ணாத் தடவித் தடவிச் சொல்லித்தருது. எனக்குத்தான் ஒண்ணும் புரியல, டிவி செத்துப்போச்சு."

பின்னால் செங்கமலத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பொன்னுரங்கம் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. போன் அடங்கிய பிறகும் அதைக் காதோடு வைத்திருந்தார்.

சன்னலுக்கு வெளியே மேகம் வருவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

"எனக்குப் புரியலம்மா" என்றார். "வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே. எதுக்குப் போய்ட்டு வாங்கன்னு சொன்னா?"

"அப்படிச் சொன்னப்ப அவங்க கண்ணு எங்க இருந்துச்சு?"

பொன்னுரங்கம் கண்களை மூடினார். நாற்காலி, மத்தியான வெயில், தாழ்ந்த பாட்டு. வழுக்கிப் போன விரல். தாழ்ந்திருந்த இமைகள். வெகுநேரம் அங்கேயே இருந்தார்.

"இதுமேல" என்றார், கையில் இருந்ததைக் காட்டி.

உமையாள் கண்ணாடியை இரண்டு கைகளாலும் வாங்கினார். புடவைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்தார். பொன்னுரங்கத்துக்காக விரித்திருந்த பாயின் நடுவில் அதை மெதுவாக வைத்தார்.

"விடை வாங்கிட்டு வந்தது இதுதான் ஐயா. இது இங்க தங்கட்டும். நீங்க கிளம்புங்க, பஸ் போயிடும்."