துடைப்பம் படாத இடம்

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டைத் திடவிக்கிரமன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். புலியை ஈட்டியால் குத்துவான், சரி. பல்லியைக் கண்டால் கட்டில் மேல் ஏறிக்கொள்வான். பட்டாபிஷேகத்தன்று கிரீடத்துக்குள்ளிருந்து ஒன்று அவன் நெற்றியில் விழுந்ததாம். அன்றைக்குப் பிடித்த நடுக்கம்.

முதலில் படுக்கையறையில் பல்லி கூடாது என்றான். அப்புறம் சாப்பாட்டுக் கூடத்தில். அப்புறம் அரண்மனை முழுக்க. கடைசியில் 'பல்லி' என்ற சொல்லே கூடாது, 'சுவர்க்காரர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஆணை. தளவாய் கொம்பையா நாற்பது ஆட்களுக்குத் துடைப்பம் கொடுத்துத் தனிப் படையே திரட்டிவிட்டார். பல்லி குறையக் குறையப் பயமும் குறைந்திருக்க வேண்டுமே? கூடிக்கொண்டே போயிற்று. தலையணையைப் பதினேழு தடவை புரட்டிப் பார்ப்பான். தோட்டத்துப் பக்கம் போய் நான்கு மாதமாகிவிட்டது.

சபையில் மட்டும் அடிக்கடி 'ச்சு ச்சு' என்று ஒரு சத்தம் கேட்கும். "என்ன அது?" என்பான் ராஜா. "தங்கள் தீர்ப்பைக் கேட்டுச் சபையோர் உருகி உச்சுக்கொட்டுகிறார்கள், மகாராஜா" என்பார் கொம்பையா. ராஜாவுக்குப் பெருமை தாங்காது.

பட்டப்பகலிலும் இருட்டிக்கிடக்கும் அந்தச் சபா மண்டபத்தில் ஏணி போட்டு அறுபது விளக்கு ஏற்றுகிறவள் அரியநாச்சி. ராஜா அவளிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினாலே கொம்பையாவுக்குக் கண்ணை உறுத்தும். ஒரு நாள் ராஜாவின் காதில் ஓதினார்: "விளக்கு இருந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் சுவர்க்காரர் வருவார். விளக்குகளையே எடுத்துவிடலாம்."

"எடும்" என்றான் ராஜா.

விளக்குப் போனால் அரியநாச்சிக்கு வேலை போகும். வேலையோடு அரண்மனைக் கொல்லையில் கொடுத்திருந்த வீடும் போகும். எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் சபைக்குள் வந்து நின்றாள்.

"மகாராஜா, விளக்கை அணைத்தால் பயம் போய்விடுமா? எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இன்னும்தான் நடுங்குவீர்கள்."

"யாரைப் பார்த்து நடுக்கம் என்கிறாய்?" என்று பாய்ந்தார் கொம்பையா. "அரசருக்கு இருப்பது வெறும் அருவருப்பு. எனக்கோ பயமென்றால் என்னவென்றே தெரியாது!"

"அருவருப்புக்கு உள்ளங்கை வேர்க்குமா, தளவாய் ஐயா?"

ராஜா சட்டென்று கைகளை மடிக்குள் மறைத்துக்கொண்டான். கோபம் வந்துவிட்டது.

"அவ்வளவு தெரிந்தவளா நீ? நாளை உச்சிவேளையில், சுவர்க்காரர் இருக்கும் மண்டபத்தில் என்னை ஒரு நாழிகை உட்கார வைத்துக் காட்டு. உட்கார்ந்துவிட்டால் விளக்கு எரியட்டும். எழுந்துவிட்டேனோ, பொழுது சாய்வதற்குள் நீ நாட்டை விட்டே போய்விட வேண்டும்."

"சரி, மகாராஜா."

மறுநாள் உச்சிவேளை. மூடிய கூடை ஒன்றைக் கொண்டுவந்து சபை நடுவே வைத்துவிட்டு, அரியநாச்சி தரையில் உட்கார்ந்தாள். ராஜாவின் கண் கூடையை விட்டு நகரவில்லை. அவனுக்கு வேர்த்து வழிந்தது. சிம்மாசனத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். சபை முழுக்கப் பார்க்கும்போது எப்படி எழுவான்? நாழிகை மணி அடித்தது.

அரியநாச்சி கூடையைத் திறந்தாள். உள்ளே விளக்குத் திரிகள்.

"இதற்கா நான் இந்தப் பாடுபட்டேன்?" என்று கத்தினான் ராஜா.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

"மோசடி!" என்று குதித்தார் கொம்பையா. "மண்டபத்தில் சுவர்க்காரர் இருக்க வேண்டும் என்பதல்லவா பந்தயம்?"

"இருக்கிறாரே. ஒருவரல்ல, பதினோரு பேர். மகாராஜா முதுகு சாய்க்கும் பட்டுக்குப் பின்னால்."

"ச்சு ச்சு" என்றது சிம்மாசனம்.

"நாற்பது துடைப்பம் விரட்டினால் அவை எங்கே போகும்? சிம்மாசனத்தின் மேல் துடைப்பம் படக்கூடாதென்பது இந்த அரண்மனை வழக்கம். எல்லாம் இங்கே குடியேறிவிட்டன. ஏணியிலிருந்து தினமும் பார்க்கிறேன். நான்கு மாதமாக இவற்றோடு உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்கிறீர்கள்."

ராஜாவின் முகம் வெளுத்தது. பாதி எழுந்துவிட்டான்.

"எழுந்தாலும் பந்தயம் என்னுடையதுதான்" என்றாள் அரியநாச்சி. "ஆனால் இப்போது ஓடினால், தோட்டம் போன மாதிரி இந்த மண்டபமும் உங்களுக்கு இல்லாமல் போகும். முதல் நாள் ஏணியில் நாலாம் படியில் எனக்குக் கால் உதறியது. இறங்கியிருந்தால் மறுநாள் மூன்றாம் படியிலேயே உதறியிருக்கும். இறங்காமல் அங்கேயே நின்றேன். நெஞ்சு அடித்து அடித்துத் தானே களைத்துப்போகும், மகாராஜா. கொஞ்சம் இருங்கள்."

ராஜா உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. நெடுநேரம் கழித்து மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. அப்போதுதான் அவன் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தான்.

"பயமறியாத தளவாயே, துடைப்பத்தை எடும். சிம்மாசனத்துக்குப் பின்னால் இருப்பவற்றை விரட்டும். வழக்கம் கிடக்கட்டும், இது என் ஆணை."

கொம்பையா துடைப்பத்தோடு இரண்டு எட்டு வைத்தார். கை தோளுக்கு மேல் எழவில்லை. துடைப்பம் கிடுகிடுவென்று ஆடியது.

"மகாராஜா... சிம்மாசனத்தின் மேல் துடைப்பமா... கை வரமாட்டேன் என்கிறது."

"நானே சொன்ன பிறகு என்ன ஆபத்து?"

"ஆபத்தில்லை, தெரிகிறது. ஆனாலும்..."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"எனக்கும் அப்படித்தானய்யா. தெரியும். ஆனாலும்." பிறகு தீர்ப்புச் சொன்னான்: "பயந்ததற்குத் தண்டனை இல்லை. பயமே தெரியாதென்று பீற்றியதற்கும், இந்தச் சத்தத்தைச் சபையோர் தலையில் கட்டியதற்கும் நாளை முதல் நாச்சிக்கு நீர்தான் ஏணி பிடிக்க வேண்டும். துடைப்பப் படை கலையட்டும். அந்தக் கொல்லை வீடு நாச்சிக்கே சொந்தம். நாக்கு நீளம்தான், ஆனாலும் சபையில் அவளுக்கு ஓர் ஆசனம் போடுங்கள்."

பின்னாலிருந்து மறுபடியும் 'ச்சு ச்சு'. ராஜாவின் உள்ளங்கை வேர்த்தது. இந்தத் தடவை அவன் அதை மறைக்கவில்லை.

"பயம் போய்விட்டதா, மகாராஜா?" என்றாள் அரியநாச்சி.

"எங்கே போகிறது? இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நானும் உட்கார்ந்திருக்கிறேன்." மெல்ல முதுகைச் சாய்த்துக்கொண்டான். "பல்லியும் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த வழக்கைக் கூப்பிடுங்கள்."