ஊரே இறங்கிய மாளிகை

கரடிப்பட்டி ஜமீன்தார் ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர் தலையைவிட உயரத்தில் எவன் தலையும் இருக்கக் கூடாது. அவர் தெருவில் வந்தால் பனையேறி மரத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும். மச்சு வீட்டுக்காரரும் கீழே வந்து நிற்க வேண்டும்.

ஒரு கத்தரி வெயிலில், அவருக்கு விசிறி இழுத்தவன் மயங்கி விழுந்தான். அதைப் பார்த்த கிணறு வெட்டும் சீனியம்மா, "எங்க கிணத்துக்குள்ள விசிறியே வேண்டாம் எசமான்," என்றாள்.

ஜமீன்தாருக்குச் சுருக்கென்றது. "அப்படியா? விசிறி இல்லாம எனக்கு வேர்க்காத மாளிகை கட்டு. ஒரு சொட்டு வேர்த்தாலும் நீ ஊரைக் காலி பண்ணணும்!"

கெட்டிக்காரி அசரவில்லை. மண்ணுக்கடியில் கூடம் வெட்டினாள். காற்று இறங்க ஒரு துவாரம், சூடு வெளியேற ஒரு துவாரம், கூரைமேல் மண்ணும் புல்லும்.

"எனக்கு ஒருத்தனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கூடம்?" என்றார் ஜமீன்தார்.

"எசமான் பெருமை சின்ன இடத்துல அடங்குமா?"

பூரித்துப்போய் இறங்கினார். கட்டிலில் சாய்ந்ததும் குறட்டை. விழித்துப் பார்த்தால், தரையெல்லாம் ஊர்ச்சனம் படுத்திருந்தது. விசிறி இழுத்தவனும் அதில் ஒருவன்.

"யாரைக் கேட்டுடா உள்ள வந்தீங்க?"

"உங்க சட்டத்தைக் கேட்டுத்தான் எசமான்," என்றாள் சீனியம்மா. "நீங்க மண்ணுக்குக் கீழ வந்துட்டீங்க. நாங்க மேலயே நின்னா எங்க தலை உசந்துடாதா?"

ஜமீன்தார் விறுவிறுவென்று படியேறினார். வெயில் முகத்தில் அறைந்தது. போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"காலைக் கொஞ்சம் மடக்குங்கப்பா," என்றார் மெதுவாக. "நான் கட்டிலுக்குப் போகணும்."