மறுப்பு இல்லையென்றால்

சங்கரபாண்டி அன்றைக்கு முனைவர் ராஜரீகம் வீட்டுக்கு வந்தபோது ஆள் கொதித்துக்கொண்டிருந்தார். செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று வாசலிலும் மற்றது ரோஜாத் தொட்டியிலும் போய் விழுந்தது.

அவர் ராஜரீகம் அம்மாவிடம் படித்தவர். படித்து, அம்மா போன வழியிலேயே போய், இன்றைக்கு உலக உணவு, தண்ணீர் மன்றத்தில் உறுப்பினர். ஐம்பது வயது, பாதி நரை. விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்த இடத்திலும் மடிக்கணினி கக்கத்திலேயே இருந்தது. அம்மாவும் ஆசிரியர் வேலைக்குப் பிறகு அதே மன்றத்தில் பல வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்தான்.

“என்னய்யா, யாரை வெட்டிட்டு வாறே?”

“வெட்டணும் மேடம். ஒவ்வொருத்தனையா நிக்க வச்சு வெட்டணும்.”

“உட்காரு. காராச்சேவு தின்னுக்கிட்டே வெட்டு.”

விஷயம் இதுதான். ஒராபா என்று ஓர் ஆறு. மேலே இருக்கிற நாட்டின் மந்திரி ஒருவர், கீழே இருக்கிற நாட்டோடு பகை என்று அணை மதகை மூடச் சொல்லிவிட்டார். கீழே பயிர் கருகியது, கிணறு வற்றியது, இப்போது பிள்ளைகள் சாகிறார்கள். மன்றம் தயாரித்த அறிக்கையோ அதைப் ‘பருவநிலையால் ஏற்பட்ட தற்காலிக உணவு நெருக்கடி’ என்கிறது. மதகு என்ற சொல்லே அதில் கிடையாது. குற்றமெல்லாம் மழை மேலாம், மந்திரி பச்சைப் பிள்ளையாம்! படித்தவர்கள் எழுதினால் இப்படித்தான் எழுதுவார்கள்.

மன்றத்தில் கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் இல்லை. அறிக்கையை எல்லா உறுப்பினருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு நேரம் குறிப்பார்கள். அதற்குள் யாரும் ‘மறுக்கிறேன்’ என்று எழுதாவிட்டால் ஏகமனதாக நிறைவேறியது என்று அர்த்தம். ஒரே ஒருவர் எழுதினாலும் போதும், அறிக்கை நின்றுவிடும், மறுபடி எல்லாரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். பெரிய மனிதர்களுக்கு எவ்வளவு தோதான ஏற்பாடு பாருங்கள். வாயைத் திறக்காமலே ஊரைக் கொளுத்திவிடலாம்.

குறித்த நேரம் அன்று மாலை நாலரை. மணி மூன்றரை தாண்டியிருந்தது.

“நான் அங்க போய்ப் பார்த்தேன் மேடம். பொம்பளைங்க ஆத்துக்குள்ள குழி தோண்டி, சேத்தை அள்ளிச் சேலைத் துணியில கட்டிப் பிழியுதாங்க. அதுல சொட்டுறதைத்தான் பிள்ளைக்குக் குடுக்காங்க. அதைப் போய் நெருக்கடியாம்! தற்காலிகமாம்!”

“யாரும் இன்னும் மறுத்து எழுதலையா?”

“ஒரு பய எழுதலை! காரிடார்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க மேடம். அநியாயம், அநியாயம்னு அடிச்சுக்கிட்டாங்க. தலைவரு சொல்லுதாரு, தூக்கமே வரலையாம். எழுதச் சொன்னா மட்டும் அத்தனை பேருக்கும் கை சுளுக்கிருது. தூ!”

“நீ?”

“நான் என்ன மேடம்?”

“நீ எழுதிட்டியா?”

சங்கரபாண்டி காராச்சேவுத் தட்டைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“மன்றத்தோட இயக்குநர் பதவிக்கு என் பேரு போயிருக்கு மேடம். அடுத்த மாசம் முடிவு. அந்த மந்திரியோட நாடு தலையாட்டாம எதுவும் நடக்காது. இப்ப எழுதினா என் கதை அத்தோட முடிஞ்சுது. ஆனா நான் மட்டும் அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டேன்னு வைங்க, ஒராபாவை விடவே மாட்டேன். பிறகு பாருங்க நீங்க.”

“பிறகு.”

“ஆமா. உள்ள இருந்தாத்தானே ஏதாவது செய்ய முடியும்? அதுவரைக்கும் நீங்க ஒரு கண்டன அறிக்கை விடுங்களேன். உங்க பேருன்னா உலகமே கேக்கும்.”

“நான் இப்ப உறுப்பினர் இல்லையேப்பா. நான் மறுத்தா செல்லாது.”

“அப்ப இந்தக் கோழைப் பயலுகளை என்னதான் செய்ய?” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. தலைவரைத் திட்டினார். செயலாளரைத் திட்டினார். திட்டத் திட்டக் கை பாட்டுக்குக் காராச்சேவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் புரை ஏறிவிட்டது.

லேசாக ஏறவில்லை. காரம் மூக்குவரைக்கும் போய், கண் பிதுங்கி, பேச்சே வரவில்லை.

“தண்ணி... மேடம்...”

செம்பு அம்மாவின் பக்கத்தில் இருந்தது. அம்மா அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“யாரோ உன்னை நினைக்காங்க. ஒராபாக்காரங்களா இருக்கும்.”

“தண்ணி...”

“தாரேன்யா. பிறகு தாரேன். சர்ச்சுல என்னைக் கமிட்டிக்குப் போடப் போறாங்க. அது நல்லபடியா முடியட்டும். நான் கமிட்டியில உட்கார்ந்துட்டேன்னா உனக்கு ஒரு குடமே தாரேன்.”

சங்கரபாண்டி இருமினார். முகம் செக்கச் செவேலென்று ஆனது. ஒரே எட்டில் வந்து, அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, செம்பைப் பிடுங்கிக் கடகடவென்று குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் ஓடியது. அம்மாவுக்கு எதிரில் கால் மேல் கால் போடவே கூசுகிற மனிதர் அவர்.

“என்ன மேடம் இது! விளையாடுற நேரமா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா செத்திருப்பேன்!”

“அநியாயம்தான்,” என்றார் அம்மா. “நானும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழட்டுமா?”

சங்கரபாண்டி ஈரச் சட்டையோடு உட்கார்ந்தார். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. தெரிந்ததும் அது வெட்கமாகிவிட்டது. மடிக்கணினியைத் திறந்தார். முதலில் ‘பணிவோடு சில ஐயங்களைத் தெரிவிக்க விரும்புகிறேன்’ என்று எழுதினார். எழுதியது தனக்கே பிடிக்காமல் அழித்தார். ‘மழை பொய்க்கவில்லை. மதகை மூடினார்கள். இந்த அறிக்கையை மறுக்கிறேன்’ என்று எழுதினார்.

நாலரைக்கு இன்னும் நேரம் இருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. விரல் அப்படியே நின்றுவிட்டது.

“பதவி போயிரும் மேடம். அதுகூடப் போகட்டும். ஆனா நான் ஒருத்தன்தானே. நான் ஒருத்தன் எழுதி என்ன ஆயிரப் போகுது? மதகைத் திறந்துருவாங்களா?”

அதுவரை நிதானமாகப் பேசிய ராஜரீகம் அம்மா கோபத்தில் எழுந்தே விட்டார்.

“மதகை மூடச் சொன்னவனும் ஒருத்தன்தான்யா. நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆயிரப் போகுதுன்னு அவன் எந்த வாத்திச்சி வீட்டுலயாவது வந்து உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தானா?”