உட்கார்ந்து பார்க்கிற வேலை

"ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஓய்வு எதுக்குய்யா? உட்கார்ந்துகிட்டேதானே வேலை பார்க்கிற!" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினார் மேனேஜர் வரதன். ஏசி ரூமில் இருக்கிறவர், வாய் மட்டும் வெயிலாய்க் கொளுத்தும்.

டிரைவர் பெரியண்ணன் நேற்றுக் காலையிலிருந்து வண்டி ஓட்டுகிறவன். நோயாளியை இறக்கிவிட்டு, காலி ஸ்ட்ரெச்சரில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளட்டுமா என்றுதான் கேட்டான்.

"இப்பவே மலை மேல இருக்கிற நம்ம கிளை ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கொண்டு போ. இல்லேன்னா வேலை கிடையாது."

"சரிங்க சார். நீங்களும் மேல ஆய்வுக்குத்தானே போறீங்க? முன்னாடி உட்காருங்க. என் கண்ணு சொருகினா தோளைத் தட்டுங்க, போதும்."

ஊர் பார்க்கக் கத்திவிட்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏறினார்.

முதல் கொண்டை ஊசி வளைவில் செல்லமாகத் தட்டினார். அடுத்ததில் உலுக்கினார். அதற்கடுத்ததில் வண்டி பள்ளத்தின் பக்கம் மெல்ல ஒதுங்க, முதுகில் அறைந்தே விட்டார். சக்கரம் தள்ளிய கற்கள் கீழே உருளும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"நிறுத்துய்யா! நிறுத்தித் தூங்கித் தொலை!"

வண்டியை ஓரங்கட்டினான். "உட்கார்ந்துகிட்டேதானே சார் வந்தீங்க, ஏன் இப்படி வேர்க்குது? ஓய்வு உங்க உத்தரவுன்னு ஆபீசுக்கும் சொல்லிடுங்க."

வரதன் போனை எடுத்து அப்படியே சொன்னார். பெரியண்ணன் ஸ்டியரிங்கில் சாய்ந்தான்; அடுத்த நொடியே குறட்டை.

வரதன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கீழே மர உச்சிகள்தான் தெரிந்தன. வண்டி லேசாக முனகியது.

"தம்பி... பெரியண்ணா... ஹேண்ட்பிரேக் போட்டாச்சான்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்குப்பா."