நெல்லிக்காய் நுழையும் வாசல்

“ஒரே ஒரு தடவை உண்டிவில்லுக்கு அனுமதி குடுங்கம்மா. அப்புறம் ஆயுசுக்கும் கேக்க மாட்டேன்.”

தணிகாசலம் மேஸ்திரி உள்ளங்கையை நீட்டினார். மூன்று குருவி முட்டைகள் உடைந்து கிடந்தன.

வேதவல்லி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்துச் சின்ன ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. மேஸ்திரியைவிட இருபது வயது இளையவர்.

“யாரை அடிக்கப் போறீங்க?”

“மைனாவை. குருவிப் பெட்டிக்குள்ள பூந்து முட்டையைத் தள்ளி விட்டுட்டு, இப்ப வைக்கோல் கொண்டாந்து அடைக்குது. குடியிருக்கிறவனை விரட்டிட்டு வீட்டைப் பிடிக்கிற ரவுடித்தனம்.”

“விரட்டிப் பாத்தீங்களா?”

“நாலு நாளா துண்டைச் சுத்திக்கிட்டு நிக்கிறேன். நான் சாப்பிடப் போற நேரம் பாத்து வருது.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து கீரைக்குள் ஒளித்துக்கொண்டார்.

மேஸ்திரிக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. நாற்பது வருடம் கோயில் கதவுகள் செய்தவர். மனைவி போனபின் ஆசிரமத்துக்கு வந்து, கை சும்மா இருக்காமல் அந்தக் குருவிப் பெட்டியைச் செய்து பின்சுவரில் மாட்டினார். தேக்குப் பலகை. ஓர் ஆணி கிடையாது. குருவியே எட்டிப் பார்க்காத அந்த இடத்துக்கு ஒரு ஜோடி வந்து குடியேறியது. அதை அவர் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அந்த ஜோடி இன்னும் சுவர்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. இனியும் இடம் கிடைக்காவிட்டால் போய்விடும்.

“பெட்டியைக் கழட்டிக் கொண்டாங்க” என்றார் அம்மா. “அப்படியே ஒரு எலுமிச்சம்பழம், ஒரு நெல்லிக்காய்.”

மேஸ்திரி மேல்மூடியைத் திறந்து வைக்கோலை உதறிவிட்டுக் கொண்டுவந்தார்.

அம்மா நெல்லிக்காயைப் பெட்டியின் வாசலில் வைத்துத் தள்ளினார். உள்ளே உருண்டது.

“இது குருவி.”

எலுமிச்சம்பழத்தை வைத்தார். அதுவும் தாராளமாக உருண்டது.

“இது யாரு?”

“மைனா” என்று முனகினார் மேஸ்திரி.

“குருவிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வாசல்?”

“உள்ள பாக்கணும் இல்லம்மா. மூடியைத் தூக்கினா குருவி மிரண்டு போயிடும். குஞ்சு பொரிச்சா நாலு பேருக்குக் காட்ட வேணாமா? அடுத்த மாசம் என் மச்சினன் சபாபதி வர்றான். கோயில் கதவு செஞ்ச மனுஷன் குருவிக்குப் பெட்டி அடிக்கிறாருன்னு ஊர் பூரா சொல்லிச் சிரிச்சவன். அவன் கண்ணால பாக்கணும்.”

அம்மா பெட்டியைத் தூக்கி, வாசலில் ஒரு கண்ணை வைத்தார். நிதானமாகப் பார்த்தார்.

“கண்ணுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சிருக்கீங்க மேஸ்திரி. கச்சிதம்.”

பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டார்.

மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு உளியை எடுத்தார். வாசல்மேல் இன்னொரு பலகையைப் பொருத்தி, நெல்லிக்காய் அளவுக்கு மட்டும் துளை போட்டார். எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்தினார். நின்றது. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் அழுத்தினார்.

மைனாக்கள் வந்தன. தலையை நுழைத்துப் பார்த்தன, திட்டின, இரண்டு நாள் சுற்றின. மூன்றாம் நாள் எதிர்ப்புறப் புளியமரத்துப் பொந்துக்குப் போய்விட்டன.

குருவிகள் பெட்டிக்குத் திரும்பின.

அடுத்த மாதம் சபாபதி வந்தான். பையைக்கூடக் கீழே வைக்காமல் துளையில் கண்ணை வைத்தான்.

“ஒண்ணும் தெரியலையே மச்சான். ஒரே இருட்டா இருக்கு.”

“தெரியாது.”

“குஞ்சு இருக்கா?”

“இருக்கு.”

“எத்தனை?”

“நான் பாக்கலை.”

“பாக்காம இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?”

“தாய்க்குருவி புழுவோட உள்ள போகுது. வெறும் வாயோட வெளிய வருது.”

சபாபதி பெட்டியைத் தடவிப் பார்த்தான். “மேல மூடி இருக்கே?”

“குருவி போனப்புறம் சுத்தம் பண்றதுக்கு.”

“ஒரு தடவை தூக்குங்க மச்சான். இதுக்காக ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். ஊர்ல கேட்டா நான் என்ன சொல்ல?”

மேஸ்திரியின் கை மூடி வரை போனது. ஒரு மாதமாக அவர் காத்திருந்த நிமிஷம் அது. ஒரே ஒரு விரல் போதும்.

சுவரின் மறுகோடியில் தாய்க்குருவி வந்து உட்கார்ந்தது. வாயில் பச்சைப் புழு. ஆட்களைப் பார்த்துவிட்டு, கிட்ட வராமல் இங்கும் அங்கும் தத்தியது.

மேஸ்திரி கையை எடுத்தார். சபாபதியின் தோளைப் பிடித்துப் பத்தடி தள்ளிக் கூட்டிவந்தார்.

“ஊர்ல வெறும் பெட்டிதான்னு சொல்லிக்க மாப்ள.”

குருவி உள்ளே போனது. பெட்டிக்குள் கீச்கீச்சென்று ஒரே சண்டை.

மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். எந்தக் கோயில் கதவை மாட்டிய அன்றும் அவர் அப்படி நின்றதில்லை.

பின்வாசலில் வேதவல்லி அம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருக்கும் தெரியாது.

சபாபதி அவரிடம் முறையிட்டான். “நீங்களாவது சொல்லக் கூடாதாம்மா? இவ்வளவு தூரம் வந்துட்டு ஒண்ணுமே பாக்காம போகணுமா?”

அம்மா மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகமெல்லாம் பெருமைச் சிரிப்பு. இந்த முறை அதை எங்கேயும் ஒளிக்கவில்லை.

“பாக்க வேண்டியதைப் பாத்தாச்சே” என்றார். “வாங்க, சாப்பிடலாம்.”