கீறலுக்குப் பிறகு

"சாமி, உத்தரவு குடுங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருதேன்."

பேச்சிமுத்து நின்றுகொண்டே கேட்டார். கையில் துணிப்பை இருந்தது.

அந்த மடத்தில் நின்றுகொண்டு பேசும் வழக்கம் கிடையாது. சாமி காலையில் சமையற்கட்டில் அரிவாள்மணை முன் உட்கார்ந்து காய் நறுக்குவார். கேள்வி இருப்பவர்கள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பேச்சிமுத்துவால் சம்மணம் போட முடியாது. சாமி முன்னால் நாற்காலி போடக்கூடாது என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அவருக்குக் கேள்வியே இல்லை என்று வெகுநாளாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மடத்துச் சமையல் ஒரு காலத்தில் அவர் கையில்தான் இருந்தது. விறகு சுமக்கும்போது கருவேலமுள் கெண்டைக்காலில் கீறியது. சின்னக் கீறல். திருநீற்றை அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

சில நாளில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். கிருமி சதையைத் தின்றுகொண்டே போனது, டாக்டர்கள் வெட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் உயிர் தங்கியது. தொடைத் தோலை எடுத்துக் காலில் ஒட்டி அனுப்பினார்கள்.

சாமி அவரைவிட இருபது வயது இளையவர்.

"ஏன் போறீங்க அண்ணாச்சி?"

"பயந்தாங்கொள்ளிக்கு மடத்துல என்ன வேலை?"

"என்ன பயம்?"

"எல்லாத்துக்கும்தான். கொசு கடிச்சா பயம், செருப்பு கடிச்சா பயம். ஒட்டுன தோலு வேர்க்காது, அரிக்கும். சொறியவும் பயம். உடம்பு லேசா சுட்டா, விடியுற வரைக்கும் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"மத்தவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சேன்னு சந்தோசப்படுங்காங்க." குரல் உயர்ந்தது. "அந்தத் தலைப்பாகை என் காலு, சாமி!"

காய் கழுவிக்கொண்டிருந்த குற்றாலம் தலையை நிமிர்த்தினான். இப்போது சமையல் அவன் பொறுப்பு.

"உயிரு பிழைச்சதே அவன் அருளு, அண்ணாச்சி. இதுக்கு மேல என்ன கொறை உங்களுக்கு?"

பேச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. இதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். மறுத்துப் பேசினால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவார்.

சாமி சேனைக்கிழங்கை அரிவாள்மணையில் வைத்து அழுத்தினார். கிழங்கு வழுக்கியது. விரலில் ரத்தம் வந்தது.

குற்றாலம் ஓடிப்போய்த் திருநீற்றுக் கொப்பரையை எடுத்துவந்தான். கைநிறைய அள்ளினான்.

பேச்சிமுத்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

திருநீறு தரையெல்லாம் சிதறியது.

"லே, அது நெத்திக்கு, புண்ணுக்கு இல்ல! எந்திரிங்க சாமி!"

சாமி எழுந்தார்.

"குழாய்க்குக் கீழ கையைக் காட்டுங்க. லே குத்தாலம், சோப்பு எங்க? துவைச்ச துணி கொண்டா."

"சின்னக் கீறல்தானே அண்ணாச்சி?"

"எனக்கும் சின்னதுதாம்லே."

குற்றாலம் துணி எடுக்கப் போனான்.

பேச்சிமுத்து சோப்புப் போட்டுக் கழுவினார். சாமி கையை இழுக்கப் பார்த்தார். விடவில்லை. மறுபடியும் கழுவினார்.

"இன்னைக்கே ஊசி போட்டுறணும். நாளைக்கு வீங்குச்சுன்னா, சுட்டுச்சுன்னா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சாமியாருன்னு பொறுத்துக்கிட்டு இருக்கப்படாது."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு மறந்துரப்படாது."

"சரிங்க."

பேச்சிமுத்து துணியை விரலில் சுற்றி முடிச்சுப் போட்டார். கை வெடவெடவென்று நடுங்கியது. முடிச்சு சரியாகத்தான் விழுந்தது. அப்புறம்தான் தரையில் கிடந்த திருநீறு கண்ணில் பட்டது. வெட்கமாகிவிட்டது.

"பாத்தீங்களா சாமி, ஒரு கீறலைப் பாத்ததுக்கே இந்த நடுக்கம். இது போனாத்தான் நான் பழைய மனுசன். உத்தரவு குடுங்க, கெளம்புதேன்."

சாமி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பையை உள்ள வச்சிட்டு வாங்க அண்ணாச்சி. ஊசி போடத் தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."