அடுத்த எண்

"வீட்டை விட்டேன். சொந்தபந்தத்தை விட்டேன். இந்த நம்பர் மட்டும் என்னை விட மாட்டேங்குதும்மா," என்றார் மாசிலாமணி.

வேதவல்லி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த மலையடிவார மடத்துக்கு அவள்தான் குரு. மாசிலாமணியைவிட வயதில் இளையவள். அவளிடம் சீடராக வந்து சேர்ந்தபோதே அவருக்கு மீசை நரைத்திருந்தது.

அவர் தீயணைப்புத் துறையில் இருந்தவர். ஓய்வு பெறக் காலம் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வேலை போயிற்று. வேலையில் கொடுத்த எண் போகவில்லை.

யாராவது பெயரைக் கேட்டால் 3416 என்பார். சாப்பாட்டுக்கு ஆள் எண்ணினாலும் அதையே சொல்வார்.

மற்ற சீடர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு புத்தி சொன்னார்கள். உத்தியோக மமதை இன்னும் இறங்கவில்லை என்றார் ஒருவர்.

அதைக் கேட்டு, சீருடையில் குத்தியிருந்த பித்தளை எண்ணைக் கொண்டுபோய்க் குளத்தில் போட்டார் மாசிலாமணி. விடிந்ததும் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் காலால் துழாவித் தேடி எடுத்து வந்தார்.

"மமதைதானாம்மா இது?"

வேதவல்லி கையிலிருந்த மொச்சையை முறத்தில் போட்டாள்.

"நம்பரைச் சொன்னதும் இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறீங்களே. அங்க யாரு?"

அப்படித் திரும்புவது அவருக்கே தெரியாது.

"சூசை," என்றார்.

பிறகு சொன்னார். சூசைராஜும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அடுத்தடுத்த எண்கள். வரிசையில் நிற்கும்போதெல்லாம் சூசை அவருக்கு இடது பக்கம். இவர் எண்ணைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் குரல் 3417 என்று எழும்பிவிடும். எதற்கு இத்தனை அவசரம் என்று இவர் திட்டுவார். அவன் சிரிப்பான்.

ஒரு பஞ்சு குடோனில் தீ. இரண்டு பேரும் ஒரே குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். வெளியே வரச்சொல்லி விசில் கேட்டது. புகையில் கண் தெரியவில்லை. பின்னாலேயே வருகிறான் என்று நினைத்துக்கொண்டு இவர் வெளியே வந்தார். கூரை விழுந்தது.

தெருவில் வரிசையாக நிற்கவைத்து அதிகாரி எண்களைக் கூப்பிட்டார். இவர் தன் எண்ணைச் சொன்னார். இடது பக்கம் சத்தமில்லை. அதிகாரி 3417 என்று மறுபடி கூப்பிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நிற்கிறவர்களை அவர் எண்ணியாக வேண்டும்.

அடக்கத்துக்கு மாசிலாமணி போகவில்லை. கல்லறை எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

"நான் சொன்னாத்தான் அடுத்தது அவன் சொல்லுவான்மா. நான் நிறுத்திட்டா அவன் எப்படிச் சொல்லுவான்?"

வேதவல்லி முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். முற்றத்துக்கு வரச்சொன்னாள். அன்று தெருவில் எப்படி நின்றாரோ அப்படியே நிற்கச்சொன்னாள்.

மாசிலாமணி குதிகால்களைச் சேர்த்து நின்றார். இடது பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

"3416."

"3416," என்றார் அவர்.

"3417," என்றாள் வேதவல்லி.

பதில் இல்லை.

அவள் மறுபடி கூப்பிடவில்லை. அடுத்த எண்ணுக்கும் போகவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி நின்றாள்.

வெயில் ஏறியது. சாப்பாட்டுக்கு மணி அடித்தது. வந்த சீடர்கள் இவர்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் ஒதுங்கினார்கள். அவள் அசையவில்லை.

மாசிலாமணி மெல்ல இடது பக்கம் திரும்பினார். இந்த முறை திரும்பிய முகத்தை அவரால் எடுக்க முடியவில்லை.

"சூசை இல்லம்மா," என்றார்.

"ஆமா," என்றாள் வேதவல்லி. "இல்ல."